1,65,000 ரூபாய் கட்டித்தான் வெளிநாட்டில் தொண்டு செய்ய வேண்டுமா?

ராசிபுரம் அருகே ஒரு கிராமத்திலிருந்து 24 வயது வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவரை அடையாளம் காட்டும் விவரங்களைத் தவிர்த்துவிட்டுச் சுருக்கத்தைத் தருகிறேன்.

பி.ஏ. ஆங்கிலம் படித்தவர். 2022-லிருந்து இரண்டு ஆண்டு தன் தெருவிலேயே தமிழக அரசின் இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் தன்னார்வலராக மாலை வேளைகளில் 20 பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்திருக்கிறார். அதன் பிறகு பி.எட். முடித்தார். வெளிநாட்டில் கல்வித் துறையில் மேற்படிப்பு படிக்க வேண்டும், பிறகு ஐ.நா. போன்ற அமைப்பில் வேலை பார்க்க வேண்டும் என்பது ஆசை. இன்ஸ்டாகிராமில் வந்த விளம்பரத்தைப் பார்த்து ஒரு ஏஜென்சியைத் தொடர்புகொண்டார். கம்போடியாவில், சியம் ரீப் பக்கம் ஓர் அனாதை இல்லத்தில் எட்டு வாரம் ஆங்கிலம் கற்பிக்கலாம், கட்டணம் 1,65,000 ரூபாய், விமானச் செலவு தனி என்றார்கள். 20 நிமிட வீடியோ கால், மறுநாளே ‘தேர்வாகிவிட்டீர்கள்’ என்ற செய்தி. 25,000 ரூபாயை ஜிபேயில் அனுப்பிவிட்டார். மீதி 1,40,000 ரூபாயை மாதக் கடைசிக்குள் கட்ட வேண்டும். அதற்காக அம்மா தன் சங்கிலியைக் கூட்டுறவு வங்கியில் அடகு வைக்கச் சம்மதித்துவிட்டார். அப்பா மட்டும் முகம் கொடுத்துப் பேசவில்லை. “அங்க ஏதாவது ஆச்சுன்னா யார் பொறுப்பு?” என்று ஒரே ஒரு முறை கேட்டாராம். வெளிநாடு என்றாலே எல்லாம் ஏமாற்று வேலை என்கிறார் சித்தப்பா. ‘இது நம்பத் தகுந்ததா, வேண்டாமென்றால் கட்டிய பணம் திரும்புமா, பணம் கட்டாமல் போக வழியே இல்லையா’ என்று கேட்டிருக்கிறார் வாசகி.

அன்புள்ள தங்கைக்கு,

மீதிப் பணத்தைக் கட்டாதீர்கள். சங்கிலி அம்மா கழுத்திலேயே இருக்கட்டும்.

நீங்கள் இணைத்திருந்த இரண்டு பக்க விண்ணப்பத்தையும் வாட்ஸப் படங்களையும் படித்தேன். அவற்றை மட்டும் வைத்து அந்த ஏஜென்சியை மோசடி நிறுவனம் என்று நான் சொல்ல மாட்டேன். அவர்கள் சொன்னது அத்தனையும் சொன்னபடியே நடக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் இந்தப் பயணம் உங்களுக்கும் நல்லதில்லை, அந்தப் பிள்ளைகளுக்கும் நல்லதில்லை என்பதுதான் என் கருத்து.

உங்களிடம் அவர்கள் கேட்காதவை

அந்த வீடியோ காலில் உங்களிடம் என்னென்ன கேட்டார்கள் என்று எழுதியிருந்தீர்கள்: பாஸ்போர்ட்டின் முதல் பக்கம், டி-ஷர்ட் அளவு, பணம் எப்படிக் கட்டுவீர்கள். காவல்துறை நன்னடத்தைச் சான்று கேட்கவில்லை. உங்களை அறிந்த இரண்டு பேரின் பெயரும் எண்ணும் கேட்கவில்லை. பி.எட். சான்றிதழைக்கூடப் பார்க்கவில்லை. கம்போடியாவின் கெமர் மொழியில் ஒரு சொல்லாவது தெரியுமா என்றும் கேட்கவில்லை. நம் ஊரில் பள்ளி வேன் ஓட்டுநரைப் பற்றி நாலு பேரிடம் விசாரித்துவிட்டுத்தான் பிள்ளையை ஏற்றி அனுப்புகிறோம். பெற்றோரைப் பிரிந்து விடுதியில் இருக்கும் குழந்தைகளோடு எட்டு வாரம் பழகப் போகிறவரை ஒருவரும் விசாரிக்கவில்லை. நீங்கள் நல்லவர். ஆனால் இதே வாசல் வழியாக, இதே கட்டணத்தைக் கட்டி, இன்னொருவர் எந்த நோக்கத்தோடும் உள்ளே போகலாம் இல்லையா? பணம் கட்டினால் போதும் என்று யாரையும் உள்ளே விடும் இடத்தில் குழந்தைகளுக்குக் காவல் இல்லை.

‘அப்பா அம்மா இல்லாத பிள்ளைகளுக்கு அன்பு காட்ட யாராக இருந்தால் என்ன’ என்று எழுதியிருக்கிறீர்கள். மனசு புரிகிறது. இதில் இரண்டு விஷயங்களைத் திருத்திக்கொள்ள வேண்டும்.

முதலாவது, அந்த இல்லங்களில் இருப்பவர்களில் பெரும்பாலானோர் அனாதைகளே இல்லை. பெற்றோரில் ஒருவராவது உயிரோடு இருப்பவர்கள். கம்போடியாவில் 2005-க்கும் 2010-க்கும் இடையே இப்படிப்பட்ட இல்லங்கள் சுமார் 150-லிருந்து 269 ஆகப் பெருகின. போர் முடிந்து பல வருடங்கள் ஆன நாட்டில், சுற்றுலா வளர்ந்துகொண்டிருந்த காலத்தில் நடந்தது இது. படிப்பும் சாப்பாடும் கிடைக்கும் என்று சொல்லி ஏழைக் குடும்பங்களிலிருந்து பிள்ளைகளை அழைத்துவருகிறார்கள். பார்க்க வரும் வெளிநாட்டவரின் நன்கொடையும் தன்னார்வலர் கட்டும் கட்டணமும் இல்லத்தை நடத்துகின்றன. பணம் வர வேண்டுமானால் பிள்ளைகள் இல்லத்திலேயே இருந்தாக வேண்டும். அவர்களை வீட்டுக்கு அனுப்பினால் வருமானம் நின்றுவிடும். ‘குழந்தைகள் சுற்றுலாக் காட்சிப் பொருள் அல்ல’ என்ற பிரசாரம், கம்போடியத் தலைநகர் புனோம் பென்னைத் தலைமையிடமாகக் கொண்ட ஒரு தொண்டு நிறுவனத்திடமிருந்து கிளம்பியதற்கு இதுதான் காரணம். பிறகு கம்போடிய அரசே, ஐந்து மாகாணங்களில் இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் 30 சதவீதம் பேரைக் குடும்பத்தோடு சேர்க்க வேண்டும் என்று இலக்கு வைத்து இறங்கியது. 2018-ல் ஆஸ்திரேலியா தன் நவீன அடிமைமுறைச் சட்டத்தை இயற்றியபோது, இல்லங்களுக்காகப் பிள்ளைகளைத் திரட்டுவதையும் ஆள்கடத்தலின் ஒரு வடிவமாகப் பேசியது. 2019 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபையின் குழந்தை உரிமைத் தீர்மானமும், அனாதை இல்லங்களில் வெளிநாட்டுத் தன்னார்வலர்கள் சேவை செய்வதால் வரும் கேட்டைச் சொல்லி எச்சரித்தது.

இரண்டாவது விஷயம் உங்களுக்கே தெரிந்தது. இல்லம் தேடிக் கல்வி வகுப்பின் முதல் மாதத்தில் ஒரு பெண் பிள்ளை வாயே திறக்கவில்லை, தீபாவளிக்குப் பிறகுதான் உங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள் என்று எழுதியிருந்தீர்கள். அவள் உங்கள் தெருப் பெண், உங்கள் மொழி பேசுகிறவள். பொது மொழியே இல்லாத ஒரு குழந்தை உங்களோடு ஒட்டிக்கொள்ள எட்டு வாரம் ஆகும். ஒட்டிக்கொண்ட வாரத்தில் நீங்கள் கிளம்புவீர்கள், அடுத்த திங்கட்கிழமை வேறொருவர் வந்து நிற்பார். இப்படி வருடம் முழுக்கப் பழகிப் பழகிப் பிரியும் பிள்ளைகளின் நிலையை நினைத்துப் பாருங்கள். நம் நாட்டில் சிறார் நீதிச் சட்டம், 2015-ன்படி பதிவு இல்லாமல் குழந்தைகள் இல்லம் நடத்துவது சிறைத் தண்டனைக்குரிய குற்றம். ஒரு வெளிநாட்டவர் கட்டணம் செலுத்திவிட்டு நாமக்கல்லில் உள்ள ஓர் இல்லத்தில் எட்டு வாரம் தங்குகிறார் என்றால் நீங்கள் ஒப்புக்கொள்வீர்களா?

‘ஊர் சுற்ற’ என்று சொல்லச் சொன்னது

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் உறுத்தியது இதுதான். சுற்றுலா விசா போதும், விமான நிலையத்தில் கேட்டால் ஊர் சுற்றிப் பார்க்க வந்ததாகச் சொல்லுங்கள் என்று அவர்கள் எழுத்திலேயே அனுப்பியிருக்கிறார்கள். சம்பளம் வாங்காத வேலைக்கு விசா தேவையில்லை என்று நீங்களும் நம்பிவிட்டீர்கள். பெரும்பாலான நாடுகளில் சம்பளம் இல்லாத சேவையும் வேலைதான். கம்போடியச் சுற்றுலா விசா 30 நாளுக்கானது, ஒரு முறைதான் ஒரு மாதம் நீட்டிக்கலாம், அதில் வேலை செய்ய அனுமதி இல்லை. பிரிட்டன் போன்ற நாடுகள் இதை வெளிப்படையாகவே வரையறுத்திருக்கின்றன. அங்கே பார்வையாளர் விசாவில் போனவர், பதிவு பெற்ற அறக்கட்டளையில் அதிகபட்சம் 30 நாள் தொண்டு செய்யலாம். அதற்கு மேல் என்றால் அறப்பணியாளருக்கென்று தனி விசா உண்டு.

குடியேற்ற அதிகாரியிடம் பொய் சொல்லிப் பிடிபட்டால் திருப்பி அனுப்புவார்கள். அதோடு முடிந்துவிடாது. நாளைக்கு மேற்படிப்புக்கு விசா விண்ணப்பிக்கும்போது, ‘இதற்கு முன் எந்த நாட்டிலாவது அனுமதி மறுக்கப்பட்டதா, வெளியேற்றப்பட்டீர்களா’ என்று பல நாடுகளின் படிவங்கள் கேட்கும். மேற்படிப்புக்கு உதவும் என்று நீங்கள் நம்பிப் போகிற பயணமே அந்தக் கேள்விக்கு ‘ஆம்’ என்று எழுத வைத்துவிடும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், பயமுறுத்துவதற்காக இல்லை. வேலை என்று நம்பிப் போய், சைபர் மோசடிக் கூடங்களில் அடைக்கப்பட்ட இந்தியர்களைப் பற்றி நீங்கள் படித்திருப்பீர்கள். 2022-ல் மியான்மரின் மியாவடியிலிருந்து நம் தமிழ்நாட்டு இளைஞர்கள் மீட்கப்பட்டு வந்தார்கள். கம்போடியா குறித்து நம் வெளியுறவு அமைச்சகமும் புனோம் பென்னில் உள்ள இந்தியத் தூதரகமும் எச்சரிக்கை விடுத்திருக்கின்றன. உங்கள் ஏஜென்சி அந்த வகை என்று நான் சொல்லவில்லை. ஆனால் சுற்றுலா விசாவில் போகிறவர் எந்த அரசின் பதிவிலும் தொழிலாளியாகவோ தன்னார்வலராகவோ இருப்பதில்லை. நம்முடைய குடிபெயர்வுச் சட்டம், 1983 வேலைக்குப் போகிறவர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. வேலைக்கு ஆள் எடுக்கும் முகவர் அரசிடம் பதிவு செய்திருக்க வேண்டும், சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான் வாங்கலாம் என்று அதன் விதிகளில் கட்டுப்பாடு உண்டு. ‘தன்னார்வத் திட்டம்’ என்று பெயர் வைத்துவிட்டால் அந்த வேலிக்கு வெளியே நின்று எவ்வளவு வேண்டுமானாலும் கேட்கலாம் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். எங்கே போனாலும், ‘பத்திரமாக வைத்திருக்கிறோம்’ என்று யார் கேட்டாலும், பாஸ்போர்ட்டைக் கையை விட்டுக் கொடுக்காதீர்கள்.

கட்டிய 25,000 ரூபாய்

‘முன்பணம் எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்படாது’ என்று விண்ணப்பத்தில் அச்சிட்டிருக்கிறது, கையெழுத்தும் போட்டுவிட்டேன், இனி ஒன்றும் செய்ய முடியாது என்று முடிவு கட்டியிருக்கிறீர்கள். அப்படி இல்லை. பணம் கொடுத்துச் சேவை வாங்கிய நீங்கள் நுகர்வோர். சரியான விசாவைப் பற்றிச் சொல்லாமல், பொய் சொல்லிப் போகச் சொன்னது சேவைக் குறைபாடு என்று வாதிட இடம் இருக்கிறது.

முதலில் வாட்ஸப் உரையாடல் முழுவதையும், விசா பற்றிய அந்தச் செய்தி உட்பட, படம் எடுத்து வேறொரு கைப்பேசியிலோ மின்னஞ்சலிலோ சேமியுங்கள். ஜிபே பரிவர்த்தனை எண்ணையும் குறித்துவையுங்கள். பிறகு திட்டத்திலிருந்து விலகுவதாகவும், 15 நாளுக்குள் பணத்தைத் திருப்ப வேண்டும் என்றும் ஒரு பக்கக் கடிதம் எழுதி மின்னஞ்சலிலும் விரைவுத் தபாலிலும் அனுப்புங்கள். காரணத்தை ஒரே வரியில் எழுதுங்கள்: ‘சுற்றுலா விசாவில் போய்ப் பணி செய்யச் சொன்னீர்கள், அது சட்டப்படி சரியில்லை.’ கோபமாக எதுவும் எழுத வேண்டாம். பதில் வராவிட்டால் நாமக்கல் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் தரலாம். ஏஜென்சி எந்த ஊரில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் தர நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 வழி செய்கிறது. ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு நீதிமன்றக் கட்டணம் இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். ஒப்பந்தமே ஒருதலைப்பட்சமானது என்று வாதாடுவதென்றால் மாநில ஆணையத்துக்குப் போக வேண்டும். இந்தத் தொகைக்கு அவ்வளவு தூரம் போவது தேவையில்லை என்று நினைக்கிறேன்.

முழுத் தொகையும் கிடைக்கும் என்று உறுதி சொல்ல மாட்டேன். ஏற்கனவே செலவானதைக் கழித்துக்கொள்வதாக அவர்கள் சொல்லலாம். செலவுக்கு ரசீது கேளுங்கள். திடீரென்று எண்ணை அணைத்துவிட்டு மறைந்தார்களானால் மட்டும் ஒரு நாளும் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள். மீதி 1,40,000 ரூபாயைக் கட்டினால்தான் முன்பணமும் காப்பாற்றப்படும் என்று அவர்கள் பேசுவார்கள். 25,000 ரூபாயை மீட்க இன்னும் 1,40,000 ரூபாயைப் பணயம் வைக்காதீர்கள்.

பணம் கட்டாமல் போகும் வழிகள்

நிறைய இருக்கின்றன என்று சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன். இருப்பவை குறைவு, போட்டி அதிகம். ஆனால் உண்மையானவை. அவற்றுக்கெல்லாம் பொதுவான ஒரு குணம் உண்டு: வேலைக்கு ஆள் எடுப்பதுபோல உங்களைத் தேர்வு செய்வார்கள், கேள்வி கேட்பார்கள், வேண்டாமென்று நிராகரிக்கவும் செய்வார்கள்.

உங்கள் வயதுக்கும் ஆசைக்கும் நேராகப் பொருந்துவது ஐ.நா. தன்னார்வலர் திட்டம். 1970-ல் ஐ.நா. பொதுச்சபை தொடங்கியது, தலைமையகம் ஜெர்மனியின் பான் நகரில். 18 முதல் 26 வயது வரை இளைஞர் பிரிவு இருக்கிறது. விண்ணப்பிக்கக் காசு இல்லை. தேர்வானால் மாதாந்திர வாழ்க்கைப்படி, காப்பீடு, பயணச் செலவு எல்லாம் அவர்கள் பொறுப்பு. இந்தியாவுக்குள்ளேயே பணியிடங்களும் வரும், அவற்றையும் விட்டுவிடாதீர்கள். இதன் பெயரைச் சொல்லி யாராவது பணம் கேட்டால் அது மோசடி என்று தயங்காமல் முடிவு செய்யலாம். வீட்டிலிருந்தபடி செய்யும் இணையவழித் தன்னார்வப் பணியும் இதே தளத்தில் கிடைக்கும்: மொழிபெயர்ப்பு, பாடப்பொருள் எழுதுதல் போன்றவை, வாரம் 20 மணி நேரத்துக்குள். அங்கிருந்து தொடங்குங்கள் என்பேன். மூன்று மாதப் பணி ஒன்றை ஒழுங்காக முடித்தால், உங்களை மேற்பார்வை செய்த ஒருவர் பின்னாளில் உங்களுக்காகப் பரிந்துரை எழுதுவார்.

அடுத்தது ஜெர்மனி. அங்கே 27 வயதுக்குள் இருப்பவர்களுக்கு ‘தன்னார்வச் சமூக ஆண்டு’ என்ற ஏற்பாடு 1964-லிருந்து சட்டப்படி இருக்கிறது. கட்டாய ராணுவ சேவையை 2011-ல் நிறுத்திவைத்தபோது ‘கூட்டாட்சித் தன்னார்வச் சேவை’யும் வந்தது. மழலையர் பள்ளி, முதியோர் இல்லம், மாற்றுத்திறனாளிகள் மையம் போன்ற இடங்களில் வழக்கமாக ஓர் ஆண்டுப் பணி. கைச்செலவுப் பணம் தருவார்கள், காப்பீடு உண்டு, பல இடங்களில் தங்க இடமும் உண்டு. இதற்கென்றே முறையான விசா இருக்கிறது. ‘வெல்ட்வெர்ட்ஸ்’ என்ற ஜெர்மன் அரசுத் திட்டம் 2013-லிருந்து இந்தியா போன்ற நாடுகளின் 18 முதல் 28 வயது வரையிலான இளைஞர்களையும் அங்கே அழைத்துக்கொள்கிறது. அதற்கு இங்குள்ள கூட்டாளி அமைப்பு வழியாகப் போக வேண்டும். முக்கிய நிபந்தனை மொழி. பெரும்பாலும் ஏ2 அல்லது பி1 அளவு, அதாவது அன்றாடப் பேச்சைச் சமாளிக்கும் அளவு ஜெர்மன் எதிர்பார்ப்பார்கள். சென்னை கதே நிறுவனத்திலோ அதன் இணையவழி வகுப்பிலோ படிக்கலாம். நீங்கள் கட்டவிருந்த தொகையில் ஒரு பகுதியை மொழி கற்கச் செலவிட்டால் அது வாழ்நாள் முழுக்க உங்களோடு இருக்கும். இங்கேயும் இடையில் நுழைந்து, ‘இடம் வாங்கித் தருகிறேன்’ என்று லட்சங்கள் கேட்கும் ஆட்கள் இருக்கிறார்கள். நிறுவனங்களுக்கு நீங்களே நேரடியாக எழுதலாம்.

இலங்கையை யாரும் நினைப்பதில்லை. தமிழில் பாடம் நடத்தத் தெரிந்த உங்களால் சியம் ரீப்பைவிட மலையகத்திலோ மட்டக்களப்பிலோ உண்மையாகவே பயன் இருக்கும். 1958-ல் ஆரியரத்ன தொடங்கிய சர்வோதய சிரமதான இயக்கம் அந்நாட்டின் பழைய கிராமசேவை அமைப்பு. அதைப் போன்ற ஓர் அமைப்புக்கு உங்கள் அனுபவத்தைச் சொல்லி எழுதிப் பாருங்கள். எந்த விசாவில் வர வேண்டும் என்பதை அவர்கள் எழுத்தில் சொல்லட்டும். அதே 1958-ல் பிரிட்டனில் தொடங்கிய வி.எஸ்.ஓ. என்ற தன்னார்வ அமைப்பு போன்றவை பல ஆண்டு தொழில் அனுபவம் உள்ளவர்களையே பெரும்பாலும் தேடுகின்றன. ஐந்தாறு வருடம் பள்ளியில் வேலை பார்த்தபின் அந்தக் கதவைத் தட்டுங்கள். ஐரோப்பிய ஒற்றுமைப் படை என்ற திட்டத்தைக் கேட்டிருந்தீர்கள். அது ஐரோப்பிய ஒன்றியத்திலும் அதைச் சுற்றியுள்ள நாடுகளிலும் வசிப்பவர்களுக்கானது, ராசிபுரத்திலிருந்து விண்ணப்பித்துப் பயனில்லை.

கடைசியாக, வெளிநாட்டில் தொண்டு செய்ததற்கான சான்றிதழ். அது இல்லாமல் மேற்படிப்புக்கு உதவித்தொகை கிடைக்காது என்ற நினைப்பு உங்களிடம் ஆழமாக இருக்கிறது. பிரிட்டனின் செவனிங் உதவித்தொகையை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு ஆண்டுப் பணி அனுபவம், அதாவது 2,800 மணி நேரம் கேட்கிறார்கள். சம்பளமில்லாத தன்னார்வப் பணியும் அதில் சேரும், எந்த நாட்டில் செய்தீர்கள் என்பது பொருட்டில்லை. ஏஜென்சி சொன்ன கணக்குப்படி நாளுக்கு நான்கு மணி நேரம், வாரம் ஐந்து நாள், எட்டு வாரம்: 160 மணி நேரம். இல்லம் தேடிக் கல்வியில் வாரம் ஆறு மணி நேரம் என்று இரண்டு ஆண்டில் நீங்கள் செய்தது ஏறத்தாழ 600 மணி நேரம். அதைக் கடிதத்தில் ‘சும்மா ஊருக்குள்ள செஞ்சது’ என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படி இனி எங்கேயும் எழுதாதீர்கள். எத்தனை பிள்ளைகள், எந்த வகுப்பு, எழுத்துக் கூட்டத் தெரியாமல் வந்தவர் எத்தனை பேர், போகும்போது எப்படிப் படித்தார்கள் என்று நினைவு இருக்கும்போதே எழுதிவையுங்கள். பள்ளித் தலைமை ஆசிரியரிடம் ஒரு கடிதம் வாங்கிவையுங்கள். அங்கே மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகை வாங்கியதால் அது தொண்டு ஆகாதோ என்ற தயக்கமும் வேண்டாம், ஐ.நா. தன்னார்வலருக்கும் மாதாமாதம் படி உண்டு.

உங்கள் அப்பா விஷயம். பெண் பிள்ளை என்பதால் தடுக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அதுவும் கொஞ்சம் இருக்கலாம். ஆனால் அவர் கேட்ட ‘யார் பொறுப்பு’ என்ற கேள்வியை நானே அந்த ஏஜென்சியிடம் கேட்டிருப்பேன். அந்த விண்ணப்பத்தில் அதற்கு ஒரு வரிகூட இல்லை. விபத்து, நோய், இல்லம் மூடப்படுவது என எதற்கும் தாங்கள் பொறுப்பல்ல என்றுதான் இருக்கிறது. காப்பீடும் சாதாரணப் பயணக் காப்பீடுதான், பணி செய்யும்போது வரும் விபத்தை அதில் பல நிறுவனங்கள் ஏற்பதில்லை.

விலகல் கடிதத்தை அனுப்புவதற்கு முன் அப்பாவிடம் அதைப் படித்துக் காட்டுங்கள். ஐ.நா. தளத்தில் பதிவு செய்யும்போதும் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள். ஏஜென்சியின் பதில் வந்ததும் அதன் நகலை எனக்கு அனுப்புங்கள், நுகர்வோர் ஆணையத்துக்கான புகாரை எப்படி எழுதுவது என்று அடுத்துச் சொல்கிறேன்.